டயர் சென்சர் மாற்றும் செலவு எங்கே போகிறது?

கார் வாங்கி ஆறேழு வருடம் ஆன பிறகு டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பிக்கும். டயரைக் குறுக்காக வெட்டிய வடிவம், நடுவில் ஆச்சரியக்குறி. காற்று குறைந்திருக்கும் என்று பங்க்கில் நிறுத்தி, நாலு டயருக்கும் காற்றழுத்தம் 33 பிஎஸ்ஐ வைத்துவிட்டு வருவோம். விளக்கு அணையாது. சர்வீஸுக்கு விட்டால் “சென்சர் போச்சுங்க, நாலையும் மாத்திடலாம்” என்று எஸ்டிமேட் கொடுப்பார்கள். பல வண்டிகளுக்கு அந்தத் தொகையில் இரண்டு புது டயரே வாங்கிவிடலாம்.

டயருக்குள் காற்றழுத்தம் அளக்கும் சென்சரை மாற்றும் இந்தச் செலவைக் கணிசமாகக் குறைக்க முடியும். காசு அதிகம் கரைவது இரண்டு இடங்களில்: எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று பார்க்காமலே மாற்றுவதில், டயரைக் கழற்றத் தேவையில்லாத நேரத்தில் கழற்றுவதில். சேலத்தில் இருப்பவர்களுக்கு மூன்றாவதாக ஒன்றும் உண்டு. ஏற்காடு மலை, நல்ல சென்சரையும் கெட்டதுபோல் காட்டும். அதற்குக் கொஞ்சம் பின்னால் வருகிறேன்.

முதலில் உங்கள் வண்டியில் சென்சர் இருக்கிறதா என்பதையே பார்க்க வேண்டும். விளக்கு இருப்பதால் சக்கரத்துக்குள் சென்சர் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் கார்கள் பலவற்றிலும், டாடா ‘ஐ-டிபிஎம்எஸ்’ (டிபிஎம்எஸ் என்றால் டயர் காற்றழுத்தம் கண்காணிக்கும் அமைப்பு) என்று குறிப்பிடும் மாடல்களிலும் காற்றழுத்தத்தை நேராக அளக்கும் கருவி எதுவும் கிடையாது. பிரேக்குக்காக வைத்த ஏபிஎஸ் சென்சரே சக்கரம் சுற்றும் வேகத்தை எண்ணிக்கொண்டிருக்கிறது. காற்று குறைந்த டயர் கொஞ்சம் அமுங்கும், அதன் சுற்றளவு சிறிதாகும், மற்ற மூன்றைவிட வேகமாகச் சுற்றும். அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்துத்தான் விளக்கு எரிகிறது. இந்த வகை வண்டியில் காற்று சரிசெய்த பிறகு ரீசெட் கொடுக்க வேண்டும். சில கார்களில் அதற்குத் தனி பட்டன் இருக்கும், சிலவற்றில் திரையின் மெனுவுக்குள் இருக்கும். ரீசெட் கொடுக்காமல் விட்டு, விளக்கு அணையவில்லையே என்று அலைபவர்கள் நிறையப் பேர். இவர்களுக்கு மாற்றுவதற்குச் சென்சரே இல்லை. செலவும் இல்லை.

ஒவ்வொரு டயருக்கும் தனித்தனியாக பிஎஸ்ஐ எண் திரையில் வந்தால் அது நேரடி வகை. ஹூண்டாயும் கியாவும் ‘ஹைலைன்’ என்ற பெயரில் கொடுப்பது இதைத்தான். இந்த வகையில் ரிம்முக்குள், வால்வின் அடிப்பாகத்தோடு சேர்த்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பி இருக்கும். எடை சுமார் 30 கிராம். அழுத்தம் அளக்கும் சிப், வெப்பம் அளக்கும் பகுதி, சக்கரம் சுற்றுகிறதா என்று உணரும் பகுதி, ஒரு ரேடியோ டிரான்ஸ்மிட்டர், ஒரு லித்தியம் பேட்டரி எல்லாம் அதற்குள் இருக்கும். மேலே பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் உண்டு. அந்த எண்ணோடு சேர்த்து அழுத்தத்தை 433 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும். வண்டி தன்னிடம் பதிந்துள்ள நாலு எண்களை மட்டும் கேட்டுக்கொள்ளும், பக்கத்து வண்டியின் சென்சர் அனுப்புவதை விட்டுவிடும்.

இதில் முதலில் தீர்ந்துபோவது பேட்டரி. பொதுவாக 5 முதல் 10 வருடம் வரும். நின்றிருக்கும்போது சென்சர் ஏறக்குறையத் தூங்கும், சக்கரம் சுற்றினால்தான் அடிக்கடி அனுப்பும். அதனால் தினமும் ஓமலூர் ரோட்டில் ஓடும் வண்டிக்குச் சீக்கிரமும், வாரம் ஒருமுறை எடுக்கும் வண்டிக்குத் தாமதமாகவும் தீரும். “பேட்டரிதானே, அதை மட்டும் மாற்றிவிடலாமே” என்று யாருக்கும் தோன்றும். பிசினைச் சுரண்டி எடுத்து, புது செல்லை சால்டர் செய்து, மறுபடி மூடுபவர்களும் இருக்கிறார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். கடையில் கிடைக்கும் சாதாரண வட்ட பேட்டரி இந்தச் சூட்டுக்குச் செய்யப்பட்டதல்ல. மலையிறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வரும்போது ரிம் எப்படிச் சுடும் என்று தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இன்னொன்று, 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த டப்பியை வெளிப்பக்கம் தள்ளும் விசை புவியீர்ப்பைப் போல சுமார் 160 மடங்கு. 30 கிராம் டப்பி அப்போது கிட்டத்தட்ட 5 கிலோவாக அழுத்தும். வீட்டில் வைத்த சால்டரும் பசையும் அதைத் தாங்கும் என்று நம்பி டயரை மாட்டிவிட்டு, ஒரே மாதத்தில் மறுபடி கழற்றினால் கூலி இரண்டு மடங்கு.

இனி ஏற்காடு. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டருக்குச் சற்று மேலே. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் இரண்டு விஷயம் மாறிவிடுகிறது. ஒன்று வெப்பம். சேலத்தில் மதியம் 36 டிகிரி, மேலே சாயங்காலம் 22 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இந்த 14 டிகிரி வித்தியாசத்துக்கு, டயர் ஆறிய பிறகு, சுமார் 2 பிஎஸ்ஐ குறையும். இன்னொன்று வெளிக்காற்றின் அழுத்தம். அதுவும் மேலே போகப்போக ஏறக்குறைய 2 பிஎஸ்ஐ குறைகிறது.

குழப்பம் இங்கேதான். கையில் பிடித்து அளக்கும் கேஜ், வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் எண் காட்டும். வெளியே அழுத்தம் குறைந்தால், டயருக்குள் எதுவும் மாறாமலே அது 2 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். சக்கரத்துக்குள் இருக்கும் சென்சருக்கு வெளிக்காற்று தெரியாது, உள்ளே இருக்கும் முழு அழுத்தத்தை மட்டும் அளக்கும். பல வண்டிகளில் அதிலிருந்து ஒரு நிலையான எண்ணைக் கழித்துத் திரையில் போடுகிறார்கள். அதனால் ஏரிக்கரையில் நிறுத்தி கேஜ் வைத்துப் பார்த்தால் ஒரு எண், திரையில் வேறு எண். இரண்டுமே சரிதான். இதைப் பார்த்துவிட்டுச் சென்சர் பொய் சொல்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம்.

இதைவிட அதிகம் நடப்பது இன்னொன்று. டிசம்பர் மாதம், ராத்திரி மலையில் தங்கிவிட்டுக் காலையில் வண்டியை எடுத்தால் விளக்கு எரியும். இறங்கி கோரிமேடு வருவதற்குள் தானாக அணைந்துவிடும். “எரியுது, அணையுது, சென்சர் லூஸ் காண்டாக்ட்” என்பார்கள். ரேடியோவில் பேசும் கருவிக்கு ஏது லூஸ் காண்டாக்ட்? நடந்தது இவ்வளவுதான். 33 இருக்க வேண்டிய டயரில் சேலத்திலேயே 27தான் இருந்திருக்கிறது. எச்சரிக்கை பொதுவாகச் சுமார் கால் பங்கு குறைந்தால் வரும், அதாவது 25-ஐ ஒட்டி. மலைக்குளிரில் அந்தக் கடைசி 2 பிஎஸ்ஐயும் குறைந்தது, விளக்கு எரிந்தது. கீழே வந்து டயர் சூடானது, அணைந்தது. சென்சர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்று சரிபார்த்தால் போதும். மலையிலிருந்து இறங்கிய சூட்டில் எண் 36, 37 என்று தெரிந்தால் காற்றைப் பிடுங்கிவிடவும் கூடாது. ஆறினால் அது பழைய எண்ணுக்கே வந்துவிடும்.

ஆக, விளக்கு எதைச் சொல்கிறது என்று படிக்கத் தெரிய வேண்டும். பெரும்பாலான நேரடி வகை வண்டிகளில் ஒரு முறை இருக்கிறது. இக்னிஷன் போட்டதும் விளக்கு ஒரு நிமிடம் போல விட்டுவிட்டு மின்னி, பிறகு நிலையாக எரிந்தால் அமைப்பில் கோளாறு: சென்சர் பேசவில்லை, அல்லது வண்டிக்குக் கேட்கவில்லை. மின்னாமல் எடுத்ததுமே நிலையாக எரிந்தால் காற்று குறைவு. திரையில் ஒரு சக்கரத்துக்கு மட்டும் எண் வராமல் கோடு கோடாக நின்றால் அந்த ஒன்றைத்தான் பார்க்க வேண்டும். கிளம்பிய உடனே நாலிலும் கோடு இருந்தால் பயப்பட வேண்டாம். சில நிமிடம் ஓட்டினால் சென்சர்கள் விழித்துக்கொள்ளும்.

அடுத்தது ஸ்கேன். வண்டியின் கோளாறு படிக்கும் ஸ்கேனர் வேறு, இது வேறு. டிபிஎம்எஸ் டூல் என்று கையடக்கமான ஒன்றை வால்வுக்குப் பக்கத்தில் டயரின் பக்கவாட்டில் பிடித்தால், அது 125 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் கொடுத்துச் சென்சரை எழுப்பும். எழுந்த சென்சர் தன் எண், அழுத்தம், வெப்பம், பலவற்றில் பேட்டரி நிலை எல்லாவற்றையும் சொல்லிவிடும். டயரைக் கழற்ற வேண்டாம், ஜாக்கி போட வேண்டாம், நாலு சக்கரமும் ஐந்து நிமிட வேலை. சேலத்தில் வீல் அலைன்மென்ட் செய்யும் பெரிய டயர் கடைகளில் இந்த டூல் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிட்டுப் போகலாம். “சென்சர் செக் பண்ற டூல் இருக்குங்களா, புரோகிராம் பண்ணுவீங்களா” என்ற இரண்டு கேள்வி போதும். இல்லை என்றால் அந்தக் கடையில் டயர் மாற்றலாம், சென்சர் வேலை கொடுக்க வேண்டாம். எனக்கும் நாலையும் மாற்றச் சொல்லி ஒரு எஸ்டிமேட் வந்தது. இந்தச் சோதனையில் மூன்று நன்றாகப் பேசின, பின் இடது மட்டும்தான் ஊமை. ஐந்து நிமிடம் செலவழித்துப் பார்க்காமல் அந்த எஸ்டிமேட்டை எழுதியிருந்தார்கள் என்பதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

சரி, ஒன்று போய்விட்டது என்று உறுதியானால் எதை வாங்குவது? கம்பெனி பாகம் வாங்கினால் பொருந்துமா என்ற கவலை இல்லை, விலைதான் அதிகம். அதற்கு அடுத்தது யுனிவர்சல் புரோகிராமபிள் சென்சர். வெறுமையாக வரும், டூலில் வண்டியின் பெயர், மாடல், வருடம் தேர்ந்தெடுத்தால் அந்த வண்டிக்குரியதாக மாறிக்கொள்ளும். ஆட்டெல், ஷ்ரேடர், ஹூஃப் போன்றவை இதில் தெரிந்த பெயர்கள். ஷ்ரேடரும் ஹூஃபும் கார் கம்பெனிகளுக்கே சென்சர் கொடுப்பவர்கள். தரத்தில் குறையாமல் விலை குறைய வேண்டும் என்றால் நான் இந்த வழியைத்தான் சொல்வேன்.

இதன் பெரிய வசதி குளோன் செய்வது. செத்த சென்சரின் எண்ணையே புதியதில் எழுதிவிட்டால் வண்டிக்கு மாற்றம் நடந்ததே தெரியாது. புது எண்ணை வண்டியில் பதியும் ரீலேர்ன் என்ற தனி வேலையும், அதற்கான கூலியும் மிச்சம். புது எண்ணோடு போட்டால் வண்டியைப் பொறுத்து வேலை மாறும். சில வண்டிகள் சிறிது தூரம் ஓட்டினால் தானாகவே புது எண்ணைப் பிடித்துக்கொள்ளும். டொயோட்டா போன்றவற்றில் பெரும்பாலும் வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஓபிடி போர்ட்டில் டூலைச் செருகி எண்ணைப் பதிய வேண்டும்.

ஆன்லைனில் மிக மலிவாக வருவதில் இரண்டைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க வண்டிகளுக்கான சென்சர்கள் பல 315 மெகாஹெர்ட்ஸ். நம் ஊர் வண்டிக்கு வேண்டியது 433. பெட்டி ஒன்றுபோல் இருக்கும், வண்டியின் பெயர்கூட ஒன்றாக இருக்கும், மாட்டிய பிறகுதான் பேசாது. அப்புறம், பழைய வண்டி உடைக்கும் இடத்தில் எடுத்த சென்சர். அதன் பேட்டரியும் உங்களுடையதைப் போலவே வயதானதுதான். அதை வாங்குவது காசை மிச்சப்படுத்துவதாகாது.

வெளியே வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகிக்கொள்ளும் வகையும் இருக்கிறது. ஜேகே டயர் ட்ரீல் என்ற பெயரில் போனோடு இணையும் சென்சர்களை விற்கிறது. டேஷ்போர்டில் வைக்கும் சோலார் திரையோடு வருபவையும் கிடைக்கின்றன. டயரைக் கழற்ற வேண்டாம், பேட்டரியை நாமே மாற்றலாம். சென்சர் அமைப்பே இல்லாத பழைய வண்டிக்கு இது நல்ல தீர்வு. ஆனால் ஏற்கனவே உள்ளே சென்சர் இருந்த வண்டியில் இதைப் போட்டால் அந்த மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும், அதற்கும் இதற்கும் பேச்சு கிடையாது. ரப்பர் வால்வில் கனமான மூடி மாட்டினால் வேகத்தில் வால்வு வளைந்து வளைந்து அடியில் வெடிப்பு விடும். வெளியே தெரிகிற பொருள் என்பதால் திருட்டு பயமும் உண்டு.

டயர் கடையில் நடக்கும் வேலையை நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன், நீங்களும் பாருங்கள். சென்சர்கள் பல உடைவது பஞ்சர் போடும்போதுதான். டியூப்லெஸ் டயரை ரிம்மிலிருந்து விடுவிக்க மிஷினில் ஒரு பெரிய இரும்புக் கை பக்கவாட்டில் அழுத்தும். அந்தக் கை வால்வு இருக்கும் இடத்தில் இறங்கினால் உள்ளே இருக்கும் டப்பி நொறுங்கிவிடும். அழுத்தும் இடம் வால்விலிருந்து நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும். டயர் மாற்றும் தட்டில் ஏற்றிய பிறகும், லீவர் போடும் இடமும் மிஷினின் தலையும் வால்வின் மேல் வராதபடி சக்கரத்தைத் திருப்பி ஆரம்பிக்க வேண்டும். “அண்ணா, உள்ள சென்சர் இருக்கு, வால்வு பக்கம் அமுக்காதீங்க” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பழகிய கை அதற்கேற்ப வைக்கும். நெடுஞ்சாலை ஓரப் பஞ்சர் கடையில் பெரும்பாலும் லாரி டயர் கழற்றிப் பழகியவர்களாக இருப்பார்கள், கடப்பாரையும் சுத்தியலுமாக வேலை நடக்கும். சின்ன ஆணிதான் என்றால் டயரைக் கழற்றாமலே வெளியிலிருந்து திரி வைத்து அடைத்துவிட்டு, ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம்.

பஞ்சர் அடைக்கும் திரவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காற்றோடு சேர்த்து உள்ளே ஊற்றும் அந்தப் பசை, சென்சர் அழுத்தம் அளக்கும் ஊசித்துளையை அடைத்துவிடக்கூடும். அவசரத்துக்கு ஊற்றியிருந்தால், டயர் கழற்றும்போது சென்சரைத் துடைத்து அந்தத் துளையைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். செத்துவிட்டது என்று நினைத்தது இதில் மீண்டும் சரியாகப் பேச வாய்ப்பு உண்டு.

சென்சர் வால்வு அலுமினியமாக இருந்தால் உள்ளே போடும் வால்வு பின் நிக்கல் பூசியதாக இருக்க வேண்டும். பஞ்சர் கடைப் பெட்டியில் கிடக்கும் சாதாரண பித்தளைப் பின்னைப் போட்டால் இரண்டு உலோகமும் ஈரத்தில் சேர்ந்து அரித்து, ஒரு வருடத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதைத் திருகினால் வால்வே முறியும், நல்ல சென்சர் குப்பைக்குப் போகும். மூடியும் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும், அலங்கார உலோக மூடி அதே மாதிரி பிடித்துக்கொள்ளும். டயர் மாற்றும் ஒவ்வொரு முறையும் ரப்பர் வாஷர், நட்டு, பின், மூடி அடங்கிய வால்வு கிட் மாற்றுவது நல்லது. சென்சர் விலையோடு பார்த்தால் அது மிகச் சிறிய தொகை.

இப்போது நேரம். ஒரு சென்சர் ஏழு வருடத்தில் பேட்டரி தீர்ந்து நின்றால், அதே நாளில் அதே கம்பெனியில் மாட்டிய மற்ற மூன்றும் அதிக நாள் நிற்காது. ஒவ்வொன்றாக மாற்றினால் ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டும் கூலி, பேலன்ஸிங் கூலி. டயரும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் தேயும். எனவே டயர் மாற்ற இன்னும் ஏழெட்டு மாதம் இருக்கிறது என்றால், பேட்டரி தீர்ந்த சென்சரை அப்படியே விட்டுவிட்டு, சில நூறு ரூபாயில் ஒரு நல்ல டிஜிட்டல் கேஜ் வாங்கி வாரம் ஒருமுறை காலையில் நாலு டயரையும் பாருங்கள். புது டயர் போடும் அன்று நாலு சென்சரையும் சேர்த்து மாற்றிவிடலாம். டயரை எப்படியும் கழற்றப்போகிறார்கள், பேலன்ஸிங்கும் எப்படியும் உண்டு, சென்சருக்கென்று தனிக் கூலி அநேகமாக இருக்காது. மாறாக, வண்டி மூன்று வருடம்தான் ஆனது, பஞ்சர் கடையில் ஒன்று உடைந்தது என்றால் அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மற்ற மூன்றையும் தொடக் காரணமே இல்லை.

ஸ்டெப்னி இல்லாத வண்டிக்காரர்கள் மட்டும் இப்படிக் காத்திருக்க வேண்டாம். 2020 ஜூலையில் வந்த மத்திய அரசு விதித்திருத்தத்தின்படி, டியூப்லெஸ் டயரும் காற்றழுத்தம் கண்காணிக்கும் அமைப்பும் பஞ்சர் கிட்டும் இருந்தால் மூன்றரை டன்னுக்கு உட்பட்ட பயணிகள் வண்டிக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. ஸ்டெப்னிக்குப் பதிலாக நமக்குக் கொடுத்ததே இந்த முன்னெச்சரிக்கைதான். அது இல்லாமல் குப்பனூர் வழியாக இரவில் மலையேறுவதையும், தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே இறங்குவதையும் நான் சரி என்று சொல்ல மாட்டேன். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடேறும், சித்திரை வெயிலில் அந்தச் சூடு ஆற வழியில்லாமல் ஒரு கட்டத்தில் டயர் வெடிக்கும். காரில் நாம் மட்டுமா போகிறோம், பிள்ளைகளும் பெரியவர்களும் இருக்கிறார்கள்.

இன்றே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. நாலு சென்சரும் உயிரோடு இருக்கும்போதே, அடுத்த அலைன்மென்ட்டுக்குப் போகும் நாளில் டூல் வைத்து நாலு அடையாள எண்ணையும் படிக்கச் சொல்லி, எந்தச் சக்கரம் என்பதோடு போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். செத்த சென்சர் தன் எண்ணைச் சொல்லாது. அப்போது டயரைக் கழற்றி டப்பியின் மேல் அச்சடித்ததைப் படிக்க வேண்டும், அது பல நேரம் அழிந்திருக்கும், இல்லையென்றால் வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து எடுக்க வேண்டும். எண் கையில் இருந்தால் புது சென்சரில் அதை எழுதி, மாட்டி, சோப்புத் தண்ணீர் விட்டு வால்வு ஓரம் குமிழி வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.